வோல்டேஜ் இறங்கினால் நெட் ஏறும்

ஊரே திண்ணையில் உட்கார்ந்து, கையில் விசிறியோடு, "லோ வோல்டேஜு, லோ வோல்டேஜு" என்று புலம்பிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அதே லோ வோல்டேஜுக்கு உள்ளுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டிருந்த ஆள் தர்மபுரி மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் என் மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை, வீட்டில் அது போய் நாலு வருஷம் ஆகிறது.

2020 மார்ச்சில் பெங்களூருவிலிருந்து ஒரு லேப்டாப், இரண்டு ஜீன்ஸ், "ரெண்டே வாரம்தான்" என்ற நம்பிக்கை, இவ்வளவோடு பாப்பாரப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் வந்து இறங்கினேன். லேப்டாப் இன்னும் ஓடுகிறது. ஜீன்ஸ் இடுப்பில் ஏற மறுக்கிறது. நம்பிக்கையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எங்களுடையது கல் வீடு. எங்கள் பக்கம் கல்லுக்கா பஞ்சம்? தாத்தா ஒன்றரை அடி கனத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார். வெயில் உள்ளே வராது. எதிர்வீட்டுச் சண்டை உள்ளே வராது. பேரன் காலத்தில் வைஃபை என்று ஒன்று வரும், அதையும் இந்தச் சுவர் உள்ளே விடாது என்று தாத்தாவுக்கு யார் போய்ச் சொல்வது?

பின்பக்கம் அப்பா தன் காலத்தில் சேர்த்துக் கட்டிய இரண்டு தார்சு அறைகள். நடுவில் ஒரு முற்றம். கேபிள்காரத் தம்பி ஃபைபர் இழுத்துக்கொண்டு வந்த அன்று, "ரௌட்டர எங்கண்ணா வெக்கட்டும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். நான் போனில் இருந்தேன். "எங்கயாவது வைப்பா" என்று கையை வீசினேன். கை போன திசையில் அம்மாவின் இரும்பு பீரோ இருந்தது. பீரோவுக்கும் கல் சுவருக்கும் நடுவில், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ரௌட்டர் உட்கார்ந்தது. தூசி படியக் கூடாது என்று அம்மா அதற்கு ஒரு குரோஷா துணியும் போர்த்தினாள். சிறைவைக்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமான இடம் அமைந்திருக்காது.

நான் என்ன செய்தேன்? வீட்டிலேயே கடைசியாக இருக்கும் பின்னறையில் மேஜையைப் போட்டேன். காரணம் ஜன்னலுக்கு வெளியே நின்ற புளியமரம். காற்று வருமாம். காற்று வந்தது. காற்றைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

என் ரௌட்டரில் வைஃபை இரண்டு பெயரில் வரும். ஒன்று சாதாரணப் பெயர், இன்னொன்றின் கடைசியில் 5 என்று இருக்கும். 5 என்பது வேகமானது என்று படித்திருந்தேன். வேகமானதுதான். ஆனால் சுவரைக் கண்டதும் முதலில் படுத்துக்கொள்வதும் அதுதான் என்று அடுத்த வரியில் போட்டிருந்தார்கள். முதல் வரியோடு மூடிவைப்பது என் பழக்கம். மூன்று மாதம் அந்த 5-ஐயே பிடித்துத் தொங்கினேன்.

அப்புறம் யூடியூபில் ஒருவர், ரௌட்டருக்குப் பின்னால் அலுமினியத் தகடு வைத்தால் சிக்னல் திரும்பி நம் பக்கம் வரும் என்று காட்டினார். தகட்டுக்கு எங்கே போவது? அம்மாவின் இட்லித் தட்டை வைத்தேன். சிக்னல் நிஜமாகவே திரும்பியது, வாசல் பக்கம். மறுநாள் காலை எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்வேர்டு கொடுத்தது அம்மா. அன்று இட்லியும் கொடுத்தாள், தட்டு திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில்.

அடுத்து ரிப்பீட்டர் வாங்கினேன். வருகிற சிக்னலைப் பிடித்து மறுபடி பரப்புகிற சின்ன டப்பா. அதைப் பாதி வழியில், சிக்னல் ஓரளவுக்கு வருகிற இடத்தில் மாட்ட வேண்டும். நான் சிக்னலே வராத என் அறையில் மாட்டினேன். அங்கேதானே எனக்கு வேண்டும்! இல்லாததை எடுத்து அந்த டப்பா பல மடங்கு பெருக்கிக் கொடுத்தது.

இந்த நிலையில்தான் சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் போனில் சொன்னார். "மாப்ள, பவர்லைன் அடாப்டர்னு ஒண்ணு இருக்கு. கரண்ட் ஒயர்லயே நெட்டு போகும். ஒண்ண ரௌட்டர் பக்கத்துல சொருகு, இன்னொண்ண ஒன் ரூம்ல சொருகு. முடிஞ்சுபோச்சு."

இந்த "முடிஞ்சுபோச்சு" என்ற சொல்லை என்னிடம் யார் சொன்னாலும் நான் நம்பிவிடுவேன். எல்.ஐ.சி. பாலிசியும் ஒரு பழைய காரும் அப்படித்தான் வாங்கினேன்.

அதியமான் ஆண்ட தகடூர்தானே இந்த தர்மபுரி. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த மண். மச்சானும் அதே பெருந்தன்மையோடு, தான் இரண்டு வருஷம் பயன்படுத்திய ஜோடியை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பெட்டியைத் திறந்தேன். மூன்று பட்டைப் பின். சிங்கப்பூரில் இருப்பது இங்கிலாந்து மாதிரிப் பின் என்பதை இரண்டு முறை அங்கே போய்வந்த எனக்கே ஞாபகமில்லை. நம் வீட்டு ஓட்டையோ உருண்டை. தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டேன். "எந்த அடாப்டருக்கு சார்?" என்றார். "அடாப்டருக்கு ஒரு அடாப்டர்" என்றேன். கடைப் பையன் திரும்பிப் பார்த்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டான்.

பெட்டியின் மேல் 1000 என்று போட்டிருந்தது. நொடிக்கு ஆயிரம் மெகாபிட். நான் கேபிள்காரத் தம்பிக்குக் கட்டுவது 50-க்குத்தான். ஐம்பதை உள்ளே விட்டால் ஆயிரமாக வெளியே வரும் என்று நான் நினைக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. அந்த ஆயிரம், சோதனைக்கூடத்தில், சுத்தமான ஒயரில், போக்குவரத்து இரண்டையும் சேர்த்துக் கட்டிச் சொல்கிற கணக்கு. நம்மூர் மைலேஜ் கணக்கு மாதிரிதான். என் முதல் ஸ்பீடு டெஸ்டில் வந்த எண் 4.

ஏன் 4 என்பதற்கு வருவதற்குள், இந்த டப்பா வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே புரிந்துவிட்டது, உங்களுக்குப் புரியாமல் போகாது. ஒயரில் வரும் கரண்ட் நொடிக்கு 50 தடவை ஆடுகிறது. அதன் முதுகில் இந்த டப்பா இன்னொரு ஆட்டத்தை ஏற்றிவிடுகிறது: நொடிக்கு 20 லட்சம் தடவையிலிருந்து 3 கோடி தடவை வரைக்கும், புது மாடல்களில் அதற்கு மேலும். பாலக்கோட்டிலிருந்து வரும் பஸ்ஸின் கூரையில் தக்காளிக் கூடை ஏற்றுகிற மாதிரி. பஸ் தன் பாட்டுக்குப் போகும். கூடையும் கூடவே போய் இறங்கும். பஸ்ஸுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் செய்த முதல் காரியம், அந்தக் கூடையைப் பிடுங்கி எறிகிற ஆளை நானே ஏற்பாடு செய்தது. மச்சான் கொடுத்த பொருளாயிற்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு நல்ல ஸ்பைக் பஸ்டர் வாங்கி, அதில் சொருகினேன். ஸ்பைக் பஸ்டரின் வேலை என்ன? 50-க்கு மேல் ஆடுகிற எதுவாக இருந்தாலும் அது குப்பை என்று முடிவுகட்டி வடிகட்டுவது. அது தன் கடமையை அப்பழுக்கில்லாமல் செய்தது. "நேராகச் சுவரில் மட்டுமே சொருகவும்" என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே படம் போட்டு, பெருக்கல் குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். கையேட்டை மேஜைக்கால் ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தேன்.

சுவரில் நேராகச் சொருகியாயிற்று. இனி இரண்டையும் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். ஒரு டப்பாவில் பட்டனை அழுத்திவிட்டு, இரண்டு நிமிஷத்துக்குள் அடுத்ததில் அழுத்த வேண்டும். இங்கே அழுத்திவிட்டு முற்றத்தில் ஓடினேன். நடுவில் அம்மா காயவைத்திருந்த புளி. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, பின்னறைக்குப் போய், சந்தேகமே இருக்கக் கூடாது என்று பட்டனைப் பத்து நொடி பலமாக அழுத்திப் பிடித்தேன். ஒரு நொடி அழுத்தினால் அறிமுகம், பத்து நொடி அழுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். இப்படி ஏழு முறை ஓடினேன். "என்ன கண்ணு, தொடுற ஆட்டமா? யாருகூட?" என்றாள் அம்மா, புளியை ஓரமாக இழுத்துக்கொண்டே.

எட்டாவது முறை விளக்கு எரிந்தது. சிவப்பு. பச்சை என்றால் அமோகம், ஆரஞ்சு என்றால் பரவாயில்லை, சிவப்பு என்றால் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் எரிந்ததே போதும் என்று செல்பி எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். அனுப்பியது போகவில்லை.

சிவப்பாக இருந்தாலும் நாலு மெகாபிட் வந்துகொண்டிருந்தது. முகம் தெரியாத மீட்டிங்குக்கு அது போதும். ஆனால் தினமும் காலை எட்டே முக்காலுக்கு அதுவும் அறுந்துவிடும். ஒரு வாரம் ரௌட்டரைச் சந்தேகப்பட்டேன். அடுத்த வாரம் கேபிள்காரத் தம்பியைச் சந்தேகப்பட்டேன். அவன் வந்து, டெஸ்ட் செய்து, காபி குடித்துவிட்டுப் போனான். குற்றவாளி சட்னி. மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசி உரசிப் பொறி பறக்கிறது. அந்தப் பொறியின் இரைச்சல் ஒயரில் ஏறி, என் தக்காளிக் கூடைகளை எல்லாம் நசுக்கிவிடுகிறது. கிரைண்டர் பாவம், அதில் பொறி கிடையாது. இட்லி மாவு அரைத்தால் நெட் வரும், சட்னி அரைத்தால் வராது.

அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து மிக்ஸியில் தேங்காயையும் மிளகாயையும் போட்டு வைத்துக்கொண்டு, முற்றத்துக்கு வந்து நின்று, "போடலாமா?" என்று சைகையில் கேட்பாள். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்து "சரிம்மா, போடு" என்றேன். அன்று மீட்டிங்கில் யாரோ ஏதோ பெரிய பட்ஜெட்டுக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்களாம். என் அனுமதியோடு அது நிறைவேறியது.

இப்போதுதான் அந்த மர்மத்துக்கு வருகிறோம். பகலெல்லாம் சிவப்பு, நாலு மெகாபிட். ஆனால் சில நாள் சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்குத் திடீரென்று விளக்கு பச்சைக்கு மாறும். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 46 காட்டும். ஐம்பதில் 46! அப்படியே ஒன்பது, பத்து மணி வரை பறக்கும். காலையில் பார்த்தால் மறுபடி சிவப்பு. எந்த நாள் வரும், எந்த நாள் வராது என்று யாராலும் சொல்ல முடியாது. என் கடைசித் தேதி வேலைகளை எல்லாம் அந்த வரப்பிரசாத நேரத்துக்கு ஒதுக்கிவைத்தேன். பெங்களூருவில் எனக்கு "ராத்திரியும் உழைப்பவர்" என்று பெயர் வந்தது.

படித்தவன் அல்லவா, ஆராய்ச்சியில் இறங்கினேன். நோட்டுப் போட்டு, தேதி, நேரம், வேகம், வெயில், மழை, எல்லாம் குறித்தேன். பதினெட்டு நாள் குறித்ததில் ஒரு உண்மை பளிச்சென்று தெரிந்தது: நெட் பறக்கிற நேரமெல்லாம் அம்மா சீரியல் பார்க்கிற நேரம். உடனே ஒரு கொள்கை உருவாக்கினேன். டிவி ஓடினால் அந்த ஒயரில் ஏதோ "லோடு" சரியாக அமைந்து சிக்னல் நன்றாகப் போகிறது. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, கிளையண்ட் மீட்டிங்குக்கு முன்னால், அம்மாவைக் கெஞ்சி டிவி முன் உட்காரவைத்தேன். "இப்ப சீரியல் இல்லடா, ஏதோ மருந்து வெளம்பரம் ஓடுது" என்றாள். "பரவால்லம்மா, பாரு" என்றேன். மாத்திரை அட்டை இரண்டு ஆர்டர் ஆனதுதான் மிச்சம்.

மர்மத்தை உடைத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மாமா. துணை மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அப்பாவோடு பேச வந்தவரிடம், கரண்ட் ஒயரில் இன்டர்நெட் விடுகிற என் சாதனையைக் காட்டினேன். வாயைப் பிளப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையை மடித்தார்.

"தம்பி, அந்த டவர் லைன் போவுதில்ல, அதுல நாங்க அந்தக் காலத்துலயே பேசினோம்" என்றார். வயல்களுக்கு நடுவே போகிற உயர்அழுத்தக் கம்பிகள் கரண்டை மட்டும் கொண்டுபோவதில்லை. ஒரு மின்நிலையத்திலிருந்து இன்னொரு மின்நிலையத்துக்குப் பேச்சும் தகவலும் அதே கம்பியில்தான் போய்க்கொண்டிருந்தன. மின்நிலையத்தின் வாசலில், கம்பி உள்ளே நுழைகிற இடத்தில், பீப்பாய் மாதிரி ஒரு சுருள் தொங்கும். வேவ் டிராப் என்று பெயர். கரண்டை உள்ளே விடும், பேச்சை உள்ளே விடாது. இப்போது டவர் உச்சிக் கம்பிக்குள்ளேயே ஃபைபர் வந்துவிட்டது, அது வேறு கதை. ஆக, என் ஸ்பைக் பஸ்டர் செய்ததைத்தான் அந்தப் பீப்பாய் பல காலமாகத் தெரிந்தே செய்துகொண்டிருந்தது. நான் தெரியாமல் செய்தேன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பிற்பாடு தேடிப் பார்த்ததில் மாமாவின் ஆட்களும் முதல் ஆட்கள் இல்லை என்று தெரிந்தது. ஜார்ஜ் ஸ்கொயர் என்று ஒரு அமெரிக்க ராணுவ ஜெனரல். ரேடியோ விலை அதிகம், கரண்ட் ஒயரிலேயே வீட்டுக்கு வீடு பாட்டு அனுப்பிவிடலாம் என்று கிளம்பினார். 1922-இல் ஒரு மின்சாரக் கம்பெனி அவர் காப்புரிமையை வாங்கி அதை நடத்திப் பார்த்தது. அதற்குள் ரேடியோ மலிவாகிவிட்டது. 1934-இல், கோடக் என்ற பெயர் பிடித்துப்போய், மியூசிக்கையும் கோடக்கையும் ஒட்டவைத்து மியூசாக் என்று அதற்குப் பெயர் வைத்தார். அதே வருஷம் கண்ணை மூடினார். லிஃப்டிலும் ஓட்டலிலும் ஓடுகிற அந்தத் தூக்கப் பாட்டுக்கு அமெரிக்காவில் இன்றைக்கும் அதுதான் பெயர். கரண்ட் ஒயரை நம்பிக் கெட்டவர்களில் ஜெனரல் வரைக்கும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

மாமா வெற்றிலையை அடக்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு டப்பாவும் ஒரே ஃபேஸ்லதான இருக்கு?"

நான் "ஆமா" என்று சொல்ல வாயெடுத்தேன். ஃபேஸ் என்றால் என்ன என்று தெரியாதபோது "ஆமா" சொல்வதுதான் வழக்கம். அதற்குள் கட்டிலில் படுத்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "முன்னூடு ஒரு ஃபேஸு, பின்னூடு ஒரு ஃபேஸு. சாயங்காலம் பின்னூட்டு ஃபேஸுல வோல்டேஜு எறங்கிச்சின்னா, நான் போயி ஸ்விட்ச திருப்பி முன்னூட்டு ஃபேஸுக்குப் போட்டுவுடுவேன். இல்லாட்டி ஃபேன் சுத்தாது. வோல்டேஜு சரியானதும் மறுபடி மாத்திடுவேன்."

வீட்டில் த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன். பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கூடையை ஏற்றியது ஒரு பஸ்ஸில். இறங்கும் என்று காத்திருந்தது இன்னொரு பஸ்ஸுக்கு. பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது தவறி அந்தப் பஸ் கூரைக்கு விழுந்த நாலு தக்காளிதான் என் நாலு மெகாபிட். அப்பா ஸ்விட்சைத் திருப்புகிற சாயங்காலங்களில் இரண்டும் ஒரே பஸ் ஆகிவிடும். ஆறரை மணிக்கு வோல்டேஜ் ஏன் இறங்குகிறது? தெருவே டிவி போட்டு உட்கார்வதால். ஆக, என் சீரியல் கொள்கை முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அம்மா ஒருத்தி பார்த்தால் போதாது, ஊரே பார்க்க வேண்டும்.

மெயின் போர்டுக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு, கறுப்பாக, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு திருகு. பிறந்ததிலிருந்து அதைக் கடந்துதான் குளிக்கப் போகிறேன். அதன்மேல் சட்டை மாட்டியிருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த பிறகு புத்திசாலி என்ன செய்வான்? அதே ஃபேஸில் நிரந்தரமாகத் திருப்பி வைத்துவிடுவான். அப்படித்தான் வைத்தேன், அப்பா சந்தைக்குப் போன நேரத்தில். முழுதாக ஒரு நாள் பச்சை. மறுநாள் காலை ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், தண்ணி மோட்டார், நாலும் ஒரே ஃபேஸில் ஏறின. "டப்" என்று ஒரு சத்தம். பீஸ் போச்சு. பீஸ் மட்டும் அல்ல, பீஸ் கட்டையே கருகிவிட்டது. கரண்ட் போனால் என்ன, இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று லேப்டாப்பைப் பார்த்தேன். இன்வெர்ட்டர் ரௌட்டரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. டப்பாக்கள் சொருகியிருந்த பாயிண்ட்டுகளுக்கு இன்வெர்ட்டர் லைனே கொடுக்கவில்லை. முன் வீட்டில் முழு வைஃபை, பீரோவுக்காக ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, புதுக் கட்டையில் பீஸ் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "கரண்டு கம்பில கரண்டு வர்றது ஒனக்குப் போதாதாடா?" நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையும் சரியாகப் பிடிக்கவில்லை என்றார்.

ஃபேஸ்களுக்கு நடுவே கப்பாசிட்டர் போட்டு சிக்னலைத் தாண்டவைக்கிற கப்ளர் என்று ஒன்று இருக்கிறதாம், அதை வாங்கட்டுமா என்று மாமாவைக் கேட்டேன். "மெயின் போர்டுப் பக்கம் ஒங் கைய வெச்சே, ஒங்கப்பங்கிட்ட சொல்லிடுவேன்" என்றார். எனக்கு அப்போது வயது முப்பத்தெட்டு.

இத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அப்பா பட்டுப்புழு வளர்க்கிறார். மல்பெரித் தோட்டத்தின் ஓரத்தில், வீட்டிலிருந்து ஒரு அறுபது மீட்டரில், புழு ஷெட். கடைசிப் பருவத்துப் புழுவுக்கு 24, 25 டிகிரிதான் சுகம். கூடினாலும் குறைந்தாலும் கூடு கெடும். கூடு கெட்டால் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்தில் விலை இறங்கும். அதனால் ராத்திரியில் இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்ப்பார். அப்பாவின் தூக்கத்தைக் காப்பாற்ற அங்கே ஒரு கேமரா வைத்து, போனில் காட்டிவிடலாம் என்று முடிவெடுத்தேன். உண்மையான காரணம், வீட்டில் இழந்த மரியாதையைக் காட்டில் மீட்பது.

ஒரு டப்பாவைக் கொண்டுபோய் ஷெட்டில் சொருகினேன். சிவப்புகூட எரியவில்லை. மாமா சொல்லாமலே இந்த முறை நானே கண்டுபிடித்தேன்: ஷெட்டுக்குத் தனி சர்வீஸ், தனி மீட்டர். என் கூடை வீட்டு மீட்டரைத் தாண்டி, கம்பம் ஏறி, அங்கிருந்து வேறு கம்பம் இறங்கி, அந்த மீட்டரைத் தாண்டி வர வேண்டும். நானே கண்டுபிடித்த பெருமையை யாரிடம் சொல்வது? கேமராவை வாங்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

அன்று ராத்திரி அப்பாவோடு நானும் போனேன். நாலாவது தோலுரிப்பு முடிந்து, புழுக்கள் விரல் நீளத்துக்கு வந்திருந்தன. அப்பா கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்று காதை மட்டும் வைத்தார். "கேளு" என்றார். உள்ளே தூறல் போடுகிற மாதிரி ஒரு சத்தம். ஓட்டு மேல் விழுகிற தூறல் இல்லை, காய்ந்த இலைமேல் விழுகிற தூறல். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் இலை தின்கிற சத்தம். "இது இப்பிடியே கேட்டா போயிப் படுத்துக்கலாம். நின்னுபோச்சின்னாதான் லைட்டு போட்டுப் பாக்கணும். இதுக்கு எதுக்குடா கேமரா?" என்றார்.

ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். கொசு பிடுங்கியது. பாக்கெட்டிலிருந்து கொசுவர்த்திச் சுருளை எடுத்தேன். அப்பா பார்த்த பார்வையில் அது தானாகவே திரும்பப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. அந்தப் புகை புழுவுக்கு எமன். அவருடைய இருபத்தெட்டு நாள் உழைப்பை, தூக்கத்தைக் காப்பாற்றப்போனவன் ஒரு தீக்குச்சியில் முடித்திருப்பேன்.

கதை முடிவது கேபிள்காரத் தம்பியிடம்தான். வேறு ஏதோ வேலையாக வந்தவன், நான் முற்றத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். "ஏண்ணா வெயில்ல?" என்றான். சொன்னேன், முழுக் கதையும். பொறுமையாகக் கேட்டான். பைக்கிலிருந்து ஒரு நீல ஒயர்ச் சுருளை எடுத்து வந்தான். கேட் சிக்ஸ். ரௌட்டரிலிருந்து கிளம்பி, டிவி கேபிள் போகிற அதே ஓட்டையில் புகுந்து, தாழ்வாரத்து விட்டத்தோடு கிளிப் அடித்து, புளியமர ஜன்னல் வழியாக என் மேஜைக்கு. நாற்பது மீட்டர்; இந்த ஒயர் நூறு மீட்டர் வரை தாங்குமாம். அரை மணி நேரம். எண்ணூறு ரூபாய். சட்னி அரைத்தாலும் 50, ஃபேஸ் மாறினாலும் 50.

"மொத நாளே சொல்லியிருந்தா மொத நாளே போட்டிருப்பனேண்ணா" என்றான். "எங்கயாவது வைப்பா" என்று நான் கை வீசியது அவனுக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

டப்பாக்களைக் கழற்றி மச்சானுக்குத் திருப்பி அனுப்பப் போனேன். அப்பா தடுத்துவிட்டார். "அது இருக்கட்டும்டா."

எனக்குப் புரியவில்லை. விஷயம் இதுதான். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது ஸ்விட்சைத் திருப்ப அவருக்கு ஞாபகம் இருக்கும், ஃபேன் சொல்லிவிடும். வோல்டேஜ் சரியான பிறகு திரும்ப மாற்றத்தான் மறந்துபோகும். மறந்தால் காலையில் எல்லா லோடும் ஒரே ஃபேஸில் ஏறி பீஸ் போகும். அதைச் சொல்ல வீட்டில் எதுவும் இல்லை, என் டப்பாவைத் தவிர. என் மேஜைக்கு மேலே அது மினுக்குவது, ஜன்னல் வழியாக அப்பாவின் கட்டிலுக்கு நேராகத் தெரியும். சிவப்பு என்றால் இரண்டு வீடும் இரண்டு ஃபேஸில் நிம்மதியாக இருக்கின்றன. பச்சை என்றால் ஆபத்து.

நேற்று ராத்திரி பத்தரை இருக்கும். கண் அசருகிற நேரம். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"டேய், ஒண் டப்பா இன்னும் பச்சையாவே இருக்குது பாரு. போயி ஸ்விட்ச மாத்திட்டு வந்து படு."

எழுந்து போனேன். இருட்டில் திருகைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்தேன்.

"எடது பக்கம்டா."